கருவாயன் முதுகு

மார்கழிப் பனி விலகாத ஒரு காலையில் மரவள்ளிக் கிழங்கு லாரி மில் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்துக்கு மில்லில் முதல் ஆளாக எழுந்து ஓடுவது கருவாயன்தான். அன்றைக்கு ஓடவில்லை. குரைத்தது. முன்னங்கால்களை ஊன்றி நெஞ்சைத் தூக்கிப் பார்த்தது. இடுப்புக்குக் கீழே உள்ள உடம்பு மட்டும் வேறு யாருடையதோ போலத் தரையோடு கிடந்தது.

"ஏ ஆராயி, இங்க வா புள்ள! நாயி எந்திரிக்க மாட்டீங்குது!" என்று கருப்பண்ணன் கூப்பிட்டான்.

ஆராயி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். வாலைத் தொட்டாள், தொடையைத் தடவினாள். கருவாயன் அவள் கையை நக்கிவிட்டு, மறுபடி வாசலைப் பார்த்துக் குரைத்தது. லாரிக்காரனுக்குத் தன் வேலையைக் குரலாலாவது செய்து காட்டிவிட வேண்டும் அதற்கு.

ஆட்டையாம்பட்டியிலிருந்து ராசிபுரம் போகிற ரோட்டில் இருக்கிறது அந்த ஜவ்வரிசி மில். கருப்பண்ணனுக்குக் களத்து வேலை. ஈர ஜவ்வரிசியைச் சிமெண்டுக் களத்தில் கொட்டி, பலகையால் இழுத்துப் பரப்பி, வெயில் ஏற ஏறக் கிளறிவிட்டு, பொழுது சாய அள்ளிக் குவிக்க வேண்டும். மேகம் கறுத்தால் கஞ்சியைக்கூடப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அவன் பெண்டாட்டி ஆராயிக்குக் கிழங்குத் தோல் சீவுகிற வேலை. மில் சுற்றுச்சுவருக்குள்ளேயே ஓடு போட்ட ஓர் அறையில் இருவரும் குடியிருந்தார்கள். மகள் அன்புச்செல்வியைக் கட்டிக் கொடுத்த பிறகு அந்த அறையில் மூன்றாவது உயிர் கருவாயன்தான்.

தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு லோடில், கிழங்குக் குவியலுக்கு மேலே மண்ணும் தானுமாகக் கிடந்து வந்த குட்டி அது. உடம்பு செம்மண் நிறம், மூஞ்சி மட்டும் கரி அப்பினது போலக் கறுப்பு. அதனால் கருவாயன் என்று பேர் வைத்தார்கள். இப்போது அந்தக் கறுப்பெல்லாம் நரைத்துப் போய்ப் பேர் மட்டும் மிஞ்சியிருந்தது.

களத்தில் செருப்புக் கால் படக்கூடாது என்பது மில்லில் எல்லோருக்கும் உள்ள கட்டு. நாய்க்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. குட்டியாக இருக்கும்போது ஒருதரம் ஈர ஜவ்வரிசி மேல் ஓடி, கருப்பண்ணன் பலகையை ஓங்கினதோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து வாசலுக்குப் போக வேண்டுமென்றாலும் களத்தைச் சுற்றி ஓரமாகவே போகும். நாலு தாவலில் தாண்டுகிற இடத்துக்கு ஊர்வலம் போல ஒரு சுற்று. புதிதாக வந்த கூலியாட்களுக்கு, "அந்த நாயப் பாத்து நடந்துக்கங்கப்பா" என்றுதான் கருப்பண்ணன் பாடம் சொல்லுவான்.

தோல் சீவுகிற பெண்களுக்குச் சாய்ந்துகொள்ள எதுவும் கிடையாது. சாக்கை விரித்து, கிழங்குக் குவியலுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை குனிந்த முதுகுதான். ஆராயிக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. கருவாயன் அவளுக்குப் பின்னால் வந்து, அவள் இடுப்போடு தன் முதுகை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்வாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சென்னியம்மாள், "மொதலாளிக்குக்கூட இப்படிச் சாயற நாக்காலி இல்லடி" என்பாள்.

இப்போது அந்த முதுகுதான் போய்விட்டது.

ஜவ்வரிசி வறுக்கிற அடுப்படியில் வேலை செய்யும் பொன்னன் விஷயம் தெரிந்து வந்தான். ஆராயிக்கு அண்ணன் முறை. மாட்டுக்கு முடம் வந்தாலும் ஆட்டுக்குக் கழுத்து இழுத்தாலும் சுற்று வட்டாரத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கம்பியைப் பழுக்கக் காய்ச்சிச் சூடு இழுப்பதில் கைகாரன். கருவாயன் முதுகை மேலும் கீழும் அழுத்திப் பார்த்தான்.

"நடு முதுகுல வாயு புடிச்சிருக்குது மாப்ள. செவ்வாக்கெழம காத்தால ரெண்டு கோடு இழுத்து உட்டா எந்திரிச்சு ஓடிரும்."

"ஏனுங்ணா, அந்தக் கோட்ட மொதல்ல உங்க முட்டில இழுத்துக்கங்க. தீவாளில இருந்து வலி வலின்னு நொண்டீட்டுத் திரியறீங்களே" என்றாள் ஆராயி.

"மனுசனுக்கும் நாயிக்கும் ஒண்ணாயா?"

"சுடுறது ஒண்ணுதானுங்க."

பொன்னன் கருப்பண்ணனைப் பார்த்தான். கருப்பண்ணன் வானத்தைப் பார்த்தான். அவனுக்குச் சூட்டில் நம்பிக்கை உண்டு. ஆனால் அதை ஆராயி முகத்துக்கு நேராகச் சொல்லுகிற தைரியம் இல்லை.

பத்து மணி வெயிலில் முதலாளி குருமூர்த்தி வந்தார். அறை வாசலில் நனைந்த சாக்கின் மேல் நாய் கிடந்தது. சாக்கிலிருந்து கசிந்த ஈரம் களத்து ஓரம்வரை வந்திருந்தது.

"கருப்பண்ணா, எனக்கும் இது மேல பிரியந்தான். என் கண்ணு முன்னால வளந்த நாயி. ஆனா நாம செய்யறது திங்கற சாமான். களத்துப் பக்கத்துல நாயி மூத்தரம் உட்டுட்டுக் கெடந்தா எவன் வாங்குவான்?"

"நெசந்தானுங்க."

"மாசி பொறந்ததும் வடக்க இருந்து யாவாரி வாரான். களத்த வந்து பாக்காம அவன் கையெழுத்துப் போட மாட்டான். அதுக்குள்ள இது எந்திரிச்சு, தானா வெளிய போயிட்டு வந்துச்சுன்னா இருக்கட்டும். இல்லாட்டி ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிரலாம். கெடந்து நோகறத உட அது புண்ணியம்."

அவர் கோபப்படாமல் சொன்னதால்தான் ஆராயிக்கு அழுகை வந்தது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

வழி சொன்னது சென்னியம்மாள்தான். "ராசிபுரத்துக்கு அந்தப்பக்கம் புதன்சந்தைல ஒரு டாக்டரம்மா இருக்குது. எங்க கொழுந்தனாரு எருமை இப்படித்தான் படுத்துக்கிச்சு. மயிராட்டம் ஊசியக் குத்திக் குத்தியே எழுப்பி உட்டுருச்சு அந்தப் புள்ள."

"மருந்து ஊசியா?"

"மருந்தே இல்ல. வெறும் ஊசி."

"வெறும் ஊசிக்கு இருபது மைலு போறதுக்குப் பொன்னண்ணன் கம்பி தேவலையே" என்று கருப்பண்ணன் முணுமுணுத்தான். மறுநாள் விடிவதற்குள் டி.வி.எஸ். வண்டியின் முன்பக்கத்தில் தக்காளிப் பெட்டியை வைத்து ஆராயி கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை என்று அவன் வண்டியை மிதித்தான்.

டாக்டர் வித்யாவுக்கு மகள் வயதுதான் இருக்கும். நாயைத் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்து, தானும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். பின்னங்கால் விரலை ஓர் இடுக்கியால் அழுத்தினாள். கருவாயன் மெதுவாகத் தலையைத் திருப்பி, 'யாரது' என்பது போல அவளைப் பார்த்தது.

"திரும்பிப் பாத்துட்டான். எனக்கு அது போதும்" என்றாள் வித்யா. "காலுக்கும் தலைக்கும் இருக்கற தொடர்பு இன்னும் அறுந்து போகலை. முதுகெலும்புக் கண்ணிக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும். வயசானா காய்ஞ்சு, பிதுங்கி, நரம்பை அமுக்கும். அதான் கால் வரலை. மாத்திரை தர்றேன். கூடவே ஊசியும் போட்டுப் பார்ப்போம்."

பிறகு அவள் முதுகில் விரலை ஓட்டினாள். கழுத்திலிருந்து வால்வரை, ஒவ்வொரு கணுவாக, கண்ணை மூடிக்கொண்டு. ஓர் இடத்தில் விரல் நின்றது. திரும்பப் போய், மறுபடி அதே இடத்தில் நின்றது. கருப்பண்ணனுக்கு அதைப் பார்த்ததும் ஏதோ பிடிபட்டது. காய்ந்த ஜவ்வரிசியில் கையை அளைந்துகொண்டே போனால், ஈரம் தங்கின இடத்தில் உள்ளங்கை தானாக நிற்கும். அந்த மாதிரிக் கை இது.

முடி போன்ற ஊசிகள் முதுகின் இரண்டு பக்கமும் இறங்கின. முழங்காலுக்குக் கீழே ஒன்று, பாதத்துக்குப் பக்கத்தில் ஒன்று. சில ஊசிகளுக்குச் சின்ன ஒயர்களை மாட்டி ஒரு பெட்டியைத் திருகினாள். செத்துக் கிடந்த தொடை, தண்ணீர் மேல் காற்றுப் பட்டது போலத் துடித்தது.

"இன்னிக்கே எந்திரிக்கலைன்னு விட்டுடாதீங்க. வாரம் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. காலைல சாயங்காலம் சூடா ஒத்தடம் கொடுங்க. தானா மூத்திரம் போகலைன்னா அடிவயித்தை இப்படி மெதுவா அமுக்கி விடுங்க. வயித்துக்குக் கீழ துணியைக் கொடுத்துத் தூக்கிப் பிடிச்சு, நடக்கற மாதிரியே பழக்குங்க."

கிழங்குப் பால் வடிகட்டுகிற பழைய துணி மில்லில் கிடந்தது. நாயின் வயிற்றுக்குக் கீழே அதைக் கொடுத்து, இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு ஆராயி களத்தைச் சுற்றி நடந்தாள். வாசலுக்கு வெளியே கிளுவை வேலி வரைக்கும் போக வேண்டும், வர வேண்டும். முன்னங்கால் நடக்கும், பின்னங்கால் காற்றில் தொங்கும். வேலை விட்டதும் சீவல் கத்தியை வைத்துவிட்டு அதே வேலை. குனிந்தே கிடந்த முதுகோடு மறுபடியும் குனிந்து நடப்பாள்.

"ஏன்டி, மருமகள மறுவூட்டுக்குக் கூட்டீட்டுப் போறாப்புல போற?" என்று சென்னியம்மாள் கேட்பாள்.

"மருமக இருந்திருந்தா என்னைய இப்படித் தூக்கீட்டுப் போவாளா? அதான் நானே தூக்கிப் பழகிக்கறேன்."

இரண்டாவது தடவை போனபோது நாய் முன்னைவிடத் துவண்டிருந்தது. ஊசி இறங்கின கொஞ்ச நேரத்தில் தலை தொங்கி, வாயில் எச்சில் வடிந்தது. வித்யா அவசரமாக ஊசிகளை எடுத்துவிட்டாள். ரத்தம் எடுத்துப் பார்த்தாள். ரத்தத்தில் குறை இல்லை.

"எனக்கு ஒண்ணு புரியலை. இத்தனை சோர்வு ஏன்னு தெரியலை. அடுத்த தடவை பார்ப்போம்" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது கருப்பண்ணனுக்குப் பிடித்தது. ஆனால் திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் மாசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே வந்தான். தை பிறந்துவிட்டிருந்தது.

மில்லில் பொன்னன் காத்திருந்தான். "என்ன மாப்ள, வெறும் ஊசி என்ன சொல்லுது? கம்பி அடுப்புலயேதான் கெடக்குது."

"அடுத்த தடவையோட சரி மச்சான்" என்றான் கருப்பண்ணன். அறைக்குள்ளிருந்த ஆராயிக்கு அது கேட்டது. தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து, நாயின் முதுகில் ஒற்றிக்கொண்டே இருந்தாள். அன்று ராத்திரி அவளுக்கே நிமிர முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை அவன் பார்த்தான். மறுநாள் காலையில் வடிதுணியை அவன் எடுத்துக்கொண்டான்.

"குடு. களத்துல பலக இழுக்கறவனுக்கு இதென்ன பாரம்."

மூன்றாவது தடவை. வித்யா ஊசித் தட்டை எடுத்து வைத்துவிட்டு, எதையோ யோசித்தவளாகக் கேட்டாள். "காலைல என்ன சாப்பிட்டான்?"

கருப்பண்ணன் ஆராயியைப் பார்த்தான். ஆராயி, கேட்கக்கூடாததைக் கேட்டது போல டாக்டரைப் பார்த்தாள்.

"அதெப்படிங்க சோறு போடுவேன்? நேத்துப் பொழுதெறங்குனதுல இருந்து பச்சத் தண்ணிதானுங்க. நானும் அப்படித்தான்."

"ஏம்மா?"

"ஊசி குத்தறோமல்லங்க சாமி. எங்கூரு மாரியாத்தா நோம்பில அலகு குத்தறவங்க வெரதமில்லாம குத்துவாங்களா? வெறும் வகுத்துல சுத்தமா இருந்தாத்தான் ரத்தம் வராம குத்து எறங்கும். இவனுக்குப் பாருங்க, இத்தன ஊசி குத்துனீங்க, ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சுங்களா?"

வித்யா தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தாள். "ரெண்டு தடவையும் இப்படித்தான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"சும்மா சொல்லக்கூடாதுங்க. சட்டிய ஏக்கமா பாத்தான். நாந்தான் மனசக் கல்லாக்கீட்டேன்."

கருப்பண்ணனுக்கு வெட்கமாக இருந்தது. டாக்டரம்மா இனித் திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"இது என் தப்பும்மா" என்றாள் வித்யா. "முத நாளே நான் கேட்டிருக்கணும். பசியோட இருக்கற உடம்புல ஊசி போட்டா, தெம்பு ஏறாது, இறங்கிடும். அதுவும் இந்த வயசுல. அதான் துவண்டு போயிருக்கான். நான் ரத்தத்துல தேடிட்டிருந்தேன்."

பக்கத்துக் கடையில் அவித்த முட்டையும் இட்லியும் வாங்கிவரக் கருப்பண்ணன் போனான். கருவாயன் முட்டையை மெல்லக்கூட இல்லை. இட்லியை ஆராயி பிட்டுப் பிட்டுப் போட, போட்டது தரையைத் தொடவில்லை.

"நீங்களும் சாப்பிடுங்க."

"எனக்கு வேண்டாங்க சாமி."

"நீங்க சாப்பிடாம நான் ஊசியத் தொடமாட்டேன். உங்க விரதம் கலையணும்ல, அப்பத்தான் அவன் விரதமும் கலையும்."

ஆராயி சுவரோரம் திரும்பி உட்கார்ந்து தின்றாள். தின்னத் தின்ன அவள் தோள் குலுங்கியது. பிறகு திரும்பாமலேயே கேட்டாள்.

"சாமி, ஒண்ணு கேக்கறனுங்க. வேல நேரத்துல நான் இவம் மேலயே சாஞ்சுக்குவனுங்க. வருசக் கணக்கா. அதுலதான் முதுகு ஒடஞ்சு போச்சுங்களா?"

ஆராயி அந்த விரதத்தை எதற்காக அத்தனை கடுமையாகப் பிடித்தாள் என்பது கருப்பண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது.

வித்யா நாயின் முதுகில் கை வைத்தபடியே சொன்னாள். "இல்லம்மா. இது வயசுல வர்றது. நீங்க சாஞ்சது அவனுக்குப் பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயிருப்பான். நாயைக் கட்டாயப்படுத்தி அப்படிப் படுக்க வைக்க முடியுமா? அவனா வந்துதானே படுத்தான்?"

"அவனா வந்துதானுங்க."

"அப்புறம் என்ன?"

வயிற்றில் சோறு இறங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். வித்யா வெளியே இருந்த ஓர் ஆட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். அதன் பிறகு ஊசி இறங்கியபோது கருவாயனின் காது நிமிர்ந்தது. பாதத்து ஊசிக்குக் கால் விரல் விரிந்து மடங்கியது. கொஞ்ச நேரத்தில் அது குறட்டை விட்டுத் தூங்கியது. முதுகு நெடுக ஊசி நிற்க, முள்ளம்பன்றி போலத் தூங்குகிற நாயைக் கருப்பண்ணன் வாய் பிளந்து பார்த்தான். அந்தப் பெண் தன் விரலை ஒரு நிமிஷம்கூட அதன் உடம்பிலிருந்து எடுக்கவில்லை. தன் வேலையை இத்தனை காதலோடு செய்கிற ஆளை அவன் அதிகம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகும் ஒன்றும் சட்டென்று நடந்துவிடவில்லை. ஒரு சாயங்காலம் துணியைப் பிடித்துக்கொண்டு களத்தோரம் போகையில், சிமெண்டில் நகம் உரசுகிற சத்தம் நின்றிருந்தது. குனிந்து பார்த்தால் பாதம் தட்டையாக ஊன்றியிருந்தது. இன்னொரு நாள் துணியின் பாரம் குறைந்தது. "ஏ புள்ள, கனமே இல்ல, தானாத் தாங்கறான்!" என்று கருப்பண்ணன் கத்தினான். ஆராயி திருஷ்டி பட்டுவிடும் என்று அவன் வாயைப் பொத்தினாள். ஒவ்வொரு வாரமும் ஊசிக்குப் போகிற நாளில் இப்போது விடியவே முட்டை அவிந்தது. ஆனாலும் துணி இல்லாமல் அது ஓர் அடி வைக்கவில்லை.

தை முடிகிற அன்றைக்குக் குருமூர்த்தி காலையிலேயே வந்துவிட்டார். மறுநாள் வியாபாரி வருகிறான். களம் முழுக்க ஈர ஜவ்வரிசி, பூப்படுக்கை விரித்தது போல வெள்ளையாகப் பரந்திருந்தது. கருப்பண்ணன் நடுக்களத்தில் பலகை இழுத்துக்கொண்டிருந்தான். ஆராயி கிழங்குக் குவியலில் இருந்தாள். முதலாளி அறைப் பக்கம் பார்த்துவிட்டு, "கருப்பண்ணா..." என்று ஆரம்பித்தார்.

அப்போது கருவாயன் எழுந்து நின்றது.

யாரும் துணி பிடிக்கவில்லை. பின்னங்கால் இரண்டும் நடுங்க, குடிகாரன் போல ஒருபக்கம் சாய்ந்து, நின்றது. அதற்கு அவசரம் என்பது முகத்திலேயே தெரிந்தது. வெளிவாசல் களத்துக்கு அந்தப்பக்கம், அறைக்கு நேர் எதிரே இருக்கிறது. குறுக்கே போனால் கொஞ்ச தூரம். நாய் களத்தின் விளிம்புவரை வந்தது. தோல் சீவுகிற கத்திகள் நின்றன. ஒரு கால் பட்டாலும் போதும், அத்தனை சரக்கும் முதலாளி கண் முன்னால் வீண்.

கருவாயன் ஜவ்வரிசியைப் பார்த்தது. வாசலைப் பார்த்தது. பிறகு இடப்பக்கம் திரும்பி, ஓரமாக நடக்க ஆரம்பித்தது.

மூலையில் திரும்பும்போது இடுப்பு சரிந்து உட்கார்ந்துவிட்டது. கருப்பண்ணன் பலகையைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தான்.

"தொடாதீங்க!" என்று ஆராயி கத்தினாள். "அவனா போவான்!"

அது எழுந்தது. நீளப் பக்கம் முழுவதையும் நடந்தது. வாசலைத் தாண்டி, கிளுவை வேலி ஓரம் போய், காலைத் தூக்கப் பார்த்து முடியாமல், பெட்டை நாய் போலக் குந்தி இருந்தது. இருந்துகொண்டே இருந்தது.

"ஆத்தாடி! பனமரத்துப்பட்டி ஏரி நெறஞ்சு வழிஞ்சாக்கூட இத்தன தண்ணி வராது!" என்றாள் சென்னியம்மாள்.

மில்லே சிரித்தது. குருமூர்த்தியும் சிரித்தார். சிரித்தவர் குனிந்து பார்த்தார். பேச்சு மும்முரத்தில் அவருடைய செருப்புக் கால் ஒன்று களத்தின் விளிம்பில் ஏறியிருந்தது. சத்தமில்லாமல் அதைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"கருப்பண்ணா, நாளைக்கு யாவாரி வந்தா நாயிக்கு வேண்டிய நேரத்துல கேட்டத் தெறந்தே வையி" என்றார். "எங்க களம் எத்தன சுத்தம்னு நான் சொல்ல வேண்டீதில்ல. இந்த நாயையே காட்டறேன்."

பொன்னன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தான். மெதுவாகக் கருப்பண்ணன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "ஏன் மாப்ள, அந்த டாக்டரம்மா மனுச முட்டிக்கும் குத்துமா?"

"கேட்டுச் சொல்றேன் மச்சான். குத்தறது யாரா இருந்தாலுஞ் சரி, வெறும் வகுத்தோட மட்டும் போயிராதீங்க."

கருவாயன் வந்த வழியே, அதே நீளச் சுற்றில் திரும்பி வந்தது. அறைக்குப் போகவில்லை. கிழங்குக் குவியலுக்குப் போய், ஆராயிக்குப் பின்னால் ஒரு வட்டம் போட்டு, அவள் இடுப்போடு முதுகை ஒட்டிப் பொத்தென்று படுத்தது.

ஆராயி கையிலிருந்த கிழங்கைச் சீவவில்லை. கருப்பண்ணன் களத்திலிருந்து பார்த்தான். அவள் சாயவில்லை. பல வருஷமாகக் குனிந்தே கிடந்த முதுகை மெதுவாக நிமிர்த்தி, அசையாமல் உட்கார்ந்தாள். அன்று நாய்தான் அவள் மேல் சாய்ந்திருந்தது.

வெயில் ஏறிவிட்டிருந்தது. அவன் பலகையை எடுத்து ஜவ்வரிசியைக் கிளற ஆரம்பித்தான்.